பாறையடி நாயியல்: மூன்று சூத்திரங்களும் உரையும்

நூன்முகம்

பாறை ஏறும் கலையைப் பற்றிய கையேடுகளில் முடிச்சுக்கு ஓர் அதிகாரம் உண்டு. விழுவதற்கு ஓர் அதிகாரம் உண்டு. விரல்தோல் உரிந்தால் என்ன தடவுவது என்பதற்கும் இடம் உண்டு. பாறையடியில் கால்நீட்டிப் படுத்திருக்கும் நாய்க்கு ஒரு பத்தி கிடைத்தால் பெரிது. அக்குறை தீர்க்க எழுந்தது இந்நூல்.

ஆய்வுக்களம் கலிபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்கா. அதுவே ஏன் எனின், அங்கே பல பாறைகள் சாலையோரத்திலேயே நிற்கின்றன. காரை நிறுத்திவிட்டுக் கயிற்றையும் நாயையும் ஒருசேர இறக்கலாம். பூங்காவின் விதி வருமாறு: சாலை, முகாம், உணவருந்தும் இடம் ஆகியவற்றிலிருந்து 100 அடிக்கு அப்பால் நாய் போகலாகாது; கழுத்துவார் 6 அடிக்கு மேல் நீளலாகாது.

இங்கே ஒரு நுட்பம் காண்க. 60 மீட்டர் கயிற்றை உச்சியில் மாட்டி இரட்டையாகத் தொங்கவிட்டால் 30 மீட்டர் பாறைக்கு எட்டும். அதுவும் ஏறத்தாழ 100 அடியே. ஆக, மனிதன் செங்குத்தாகப் போகும் தொலைவும் நாய் கிடையாகப் போகும் தொலைவும் ஒன்றாயின. இதைத் தற்செயல் என்பாருடன் நாம் வாதிடுவதில்லை. தற்செயல் என்று ஒப்புக்கொண்டால் ஆய்வுக் கட்டுரைகளில் பாதி எழுதப்படாமலே போகும்.

முதற் சூத்திரம்

*இருகை உடையோன் கயிறும் நாயும்
ஒருங்கே பிடித்தல் இல்லென மொழிப.*

இது கைக்கணக்கு உணர்த்திற்று. ஒருவர் ஏற, மற்றவர் கீழே நின்று கயிறு பிடிப்பார். பிலேயர் எனப்படும் இவருடைய ஒரு கை கயிற்றை ஊட்டும். மறு கை எது வரினும் கயிற்றை விடாது. கொசு கடித்தாலும் விடாது. இரண்டு கைக்கும் வேலை முடிந்தது. நாயின் வாரைப் பிடிப்பது யார்?

‘மரத்தில் கட்டலாமே’ என்பார் உளர். அமெரிக்கக் கூட்டரசு விதித்தொகுப்பின் 36ஆம் தலைப்பு, 2.15ஆம் பிரிவு, தேசியப் பூங்காக்களில் வளர்ப்பு விலங்கை ஒரு பொருளில் கட்டி, கவனிக்க ஆளின்றி விட்டுப்போவதைத் தடுக்கிறது. ‘நான்தான் பத்தடியில் நிற்கிறேனே, அது எப்படி ஆளில்லாததாகும்?’ எனின், அண்ணாந்து நிற்பவர் கண் கயிற்றில் இருக்குமேயன்றி நாயில் இராது. ஆளிருந்தும் ஆளில்லாமை என்னும் இந்நிலையை வேதாந்திகளிடம் விட்டு மேலே செல்வோம்.

‘இடுப்பு ஹார்னஸில் வாரை மாட்டிக்கொள்கிறேன்’ என்பது அடுத்த வாதம். இம்முறையின் பயனை அணித்தே நின்று காண்க. ஏறுபவர் கடினமான பிடியில் கால் நடுங்கி நிற்கிறார். பிலேயர் மெலிந்த உடல்வாகு. பாறை இடுக்கிலிருந்து தரை அணில் ஒன்று தலைநீட்டுகிறது. முப்பது கிலோ லாப்ரடார் கிழக்கே பாய்கிறது. பிலேயர் கிழக்கே இழுபட, கயிறு விறைக்க, மேலே நின்றவர் விரல் நழுவி விழுகிறார். விழுந்தவர் எடை பிலேயரைத் தரையிலிருந்து தூக்க, பிலேயர் நாயை முன்னங்கால் அந்தரத்தில் ஆட எழுப்புகிறார். மூவரும் ஒரே கயிற்றில் மூன்று உயரங்களில் நிற்க, அணில் மட்டும் இருந்த இடத்தில் இருக்கிறது.

இதனால், இருவர் ஆடும் இவ்விளையாட்டுக்கு நாய் வந்தால் மூன்றாம் ஆள் ஒருவர் வேண்டும் என்பது பெறப்படும்.

இரண்டாம் சூத்திரம்

*ஒன்றும் செய்யாது என்னும் கூற்றிற்கு
அன்பே அன்றிச் சான்றுபிறி தில்லை.*

‘ஒண்ணும் செய்யாதுங்க’ என்பது நம் ஊர்க் கேட்டுகளுக்குப் பின்னாலும் ஒலிப்பதே. எனினும், பாறையடியில் அது பொருள் விரியும். அங்கே ‘ஒன்றும்’ என்பதனுள் அடங்காதவை: விரித்த கயிற்றின் மேல் நடப்பது, அன்னியர் பையிலிருந்து சாண்ட்விச் எடுப்பது, விழுவோரைத் தாங்க விரித்த மெத்தையின் மேல் காலைத் தூக்குவது. கடிப்பதொன்றே செயல், பிற யாவும் சுபாவம் என்பது உரிமையாளர் இலக்கணம். கயிற்றுக்கோ இந்த இலக்கணம் தெரியாது. மிதித்தால் மணல் உறைக்குள் ஏறும். ஏறிய மணல் உள்ளிருந்து அரிக்கும்.

பெயரிடுதலும் இதனுள் அடங்கும். மேலிருந்து கல் விழுந்தால் ‘ராக்!’ என்று கத்துவது ஏறுவோர் மரபு. கேட்டவர் எல்லாம் பாறையோடு ஒட்டிக்கொள்வர். ஆகவே நாய்க்கு ராக்கி என்று பெயர் வைத்தவர் அதை அங்கே உரக்க அழைப்பது ஊர் நடுவே நின்று ‘தீ’ என்பதோடு ஒக்கும். ‘டேக்!’ என்றால் கயிற்றை இறுக்கு என்று பொருள். அச்சொல்லுக்கு பிஸ்கட் வாங்கிப் பழகிய நாய், நண்பர் ஒவ்வொரு முறை களைத்துக் கூவும்போதும் பிலேயரின் சட்டைப்பையை முகரும்.

மூன்றாம் சூத்திரம்

*பையுள் முடிந்தது கையுள் இருக்க;
வைத்துப் போதல் வழுவா கும்மே.*

நாயின் கழிவைப் பையிலிட்டுச் சுமந்து வெளியேற வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. வேறுபாடு எப்போது சுமப்பது என்பதில்தான். சிலர் குனிந்து, அள்ளி, அழகாக முடிச்சிட்டு, பாதையோரக் கல்லின்மேல் வைத்து, ‘திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம்’ என்று ஏறப் போகிறார்கள். மாலையில் வேறு வழியாக இறங்குகிறார்கள். பையிலிடாவிட்டால் வெயிலும் மழையும் ஒருநாள் கரைத்திருக்கும். பையிலிட்டதால் அது பாதுகாக்கப்பட்ட பொருளாயிற்று. நல்லெண்ணம் பாதியில் நின்றால் கெட்ட எண்ணத்தைவிட நீண்டநாள் இருக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று எமக்குக் கிட்டவில்லை.

தடையும் விடையும்

‘மலையேறிய நாய்கள் இல்லையா?’ என்பார்க்கு விடை: உள்ளன. ஆல்ப்ஸ் மலையேறி கூலிட்ஜின் நாய் சிங்கெல் 1875இல் மோன் பிளாங் உச்சியை அடைந்தாள். 2018இல் நேபாளத்தில் மேரா என்று பெயர் பெற்ற தெருநாய் ஒரு குழுவின் பின்னாலேயே போய், 7,129 மீட்டர் உயரமுள்ள பாருண்ட்சேயின் உச்சியில் நின்றது. ஆயினும் இவை எம் சூத்திரங்களை அசைக்கா. சிங்கெலுடன் வழிகாட்டிகள் சென்றனர், கைக்குப் பஞ்சமில்லை. மேராவுக்கு அப்போது உரிமையாளரே இல்லை. ஆகவே ‘ஒன்றும் செய்யாது’ என்று சொல்லவும் ஆள் இல்லை.

முடிபு

மூன்றாம் ஆளைக் கூட்டிவருவதே மரியாதை. இதில் ஒரு சிக்கல் உண்டு. நாள் முழுதும் பாறையடியில் உட்காரச் சம்மதிப்பவர் பெரும்பாலும் தாமும் பாறை ஏறுபவரே. அவருக்கும் ஒரு நாய் இருக்கும். ‘அதையும் கூட்டிட்டு வரட்டுமா?’ என்பார். அதற்கு நான்காம் ஆள் வேண்டும். இக்கணக்கு இவ்வாறே வளர, ஒரு நாள் பூங்காவுக்கு வந்தவர் அனைவரும் ஆளுக்கொரு வாரைப் பிடித்துக்கொண்டு 100 அடிக்குள் நிற்பர். ஏற ஒருவரும் மிஞ்சார். அன்று பாறையடி மரியாதை முழுமை பெறும் என்க.