அறக்கொட்டிக்குப் பந்தி

கேள்வி: படுவான்கரையில் எங்கள் வேளாண்மை வட்டம் வட்டமாய் எரிந்துபோய்க் கிடக்கிறது, எல்லாம் அறக்கொட்டிப் பூச்சியின் வேலை. வாயில்லா நெல்லுக்குத் தற்காப்பே கிடையாதா?
– வாசகர், புளியந்தீவு

பதில்: ஏன் இல்லை? இருக்கிறது. ஆனால் யூரியாவை அள்ளிப் போட்டு அறக்கொட்டிக்குப் பந்தி விரிப்பது நாம்தானே! அது ஊசிவாயைக் குத்தியதும், எதிர்ப்புள்ள சில நெல்லினங்கள் சாறு ஓடும் குழாயையே 'காலோஸ்' என்ற பசையால் அடைத்துவிடும். இளநீரில் போட்ட குழல் அடைபட்ட கதைதான். உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்துவிட்டுப் பட்டினி கிடக்க வேண்டியதுதான். நம் நாட்டுச் சிவப்பரிசியான ரத்து ஹீனட்டி அறக்கொட்டியைத் தாங்குவதில் உலகப் பிரசித்தம். அதற்குக் காவல் நிற்கும் மூன்று மரபணுக்களை 2015இல் சீன ஆய்வாளர்கள் இனங்கண்டார்கள். பெரும்போகத்துக்கு விதைநெல் எடுக்குமுன், "அறக்கொட்டியைத் தாங்குமா?" என்று விவசாயப் போதனாசிரியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.