டாக்டருக்கு வெக்கம், டப்பாவுக்குப் பெருமையா?

வா அப்புனு, உக்காரு. கையில என்ன டப்பா? காய், பழத்துல இருக்குற ஃபிளேவனாய்டுச் சத்து மாத்திரையா? மனசு வாட்டம் போயி மூளை பளிச்சுன்னு ஆயிருமா? அடேங்கப்பா! வெலையப் பாத்தா எனக்கு வாட்டம் வந்துரும் போல இருக்குது.

மேல 'குவெர்செட்டின்'னு போட்டிருக்குதே, அது எதுல இருக்குதுன்னு தெரியுமா? நீ தட்டோரமா ஒதுக்கி வெக்கிற வெங்காயத்துல. அதுலயும் தோலுப் பக்கத்து மடலுலதான் எச்சு. அந்த மடலக் குப்பையில போட்டுட்டு, அதையே மாத்திரையா வாங்கி முழுங்கற. பொழைக்கத் தெரிஞ்சவன் ஆரு கண்ணு? நீயா, வித்தவனா?

ஆராய்ச்சி பொய்யின்னு நான் சொல்லல. இந்த மைசூருல செலுவாம்பா அரண்மனையிலயே 1950ல உணவு ஆராய்ச்சிக்கூடம் தொறந்தாங்க. படிச்சவங்க பாக்கட்டும். ஆனா நீ கேக்குற சேதி பாதி எலிகிட்ட இருந்து வருது. எலியத் தண்ணித் தொட்டியில உடுவாங்க. எவ்வளவு நேரம் நீந்துது, எப்ப மனசு உட்டுச் சும்மா மெதக்குதுன்னு கணக்கெடுப்பாங்க. சத்துக் குடுத்த எலி எச்சா நீந்துனா நல்ல சேதி. சரி, எலி மாசத் தவணை கட்டுதா? ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போனு பாக்குதா?

மனுசனுக்கும் குடுத்துப் பாத்தாங்க. அமெரிக்காவுல வயசானவங்களுக்கு மூணு வருசம், தெனம் 500 மில்லிகிராம் கோகோ ஃபிளேவனாய்டு. 2023ல முடிவச் சொன்னாங்க. ஞாபகம் ஆருக்குத் தேறுச்சு? முன்னாடியே காயும் பழமும் சரியாத் திங்காதவங்களுக்கு. இதச் சொல்ல எங்க ஊட்டுக் கெழவி போதாதா?

கெழவியையும் சும்மா உடப்போறதில்ல. "நாங்க அப்பவே வல்லாரையில ஃபிளேவனாய்டு குடுத்தோம்"னு இப்பக் கெளம்பியிருக்காங்க பெரிசுக. வல்லாரையில பேரெடுத்த சரக்கு ஆசியாட்டிகோசைடு. அது ஃபிளேவனாய்டே இல்ல! கீரைய கீரைன்னே தின்னா தொண்டையில எறங்காதா?

தேவராஜ மார்க்கெட்டுக்குப் போ. கீரை வாங்கு, நாவப்பழம் வாங்கு. வெடியால எந்திரிச்சு நட. சில்லறை வாட்டத்துக்கு அது போதும். ஆனா வாரக்கணக்காத் தூக்கமில்ல, சோறு எறங்கல, எதுலயும் மனசு ஒட்டலன்னா, அது வெங்காயத்துக்கும் அடங்காது, டப்பாவுக்கும் அடங்காது. மனநல டாக்டரப் பாரு. அவரு ஏற்கெனவே மாத்திரை குடுத்திருந்தா, அவரக் கேக்காம இந்த டப்பா மாத்திரைய முழுங்காத. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு மல்லுக்கு நிக்கலாம்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல ஆசுபத்திரி என்ன, ஏழு கடல் தாண்டியா இருக்குது? டாக்டருகிட்டப் போக வெக்கம், டப்பா வாங்கப் பெருமை. இது எந்த ஊரு நாயம் அப்புனு?