உங்க பேரைச் சேர்த்தாச்சுங்க, தம்பி

காலை ஆறரைக்கு வாசலில் பெல் அடித்தால் பால்காரர். பெல்லே அடிக்காமல் கேட் திறந்தால் எங்கள் ஊர்க் கமிட்டிகளின் கன்வீனர். கக்கத்தில் நீள நோட்டு, சட்டைப்பையில் இரண்டு பேனா. உட்காரச் சொல்வதற்குள் திண்ணையில் பாதி அவருடையது. "ஒண்ணுமில்லீங்க தம்பி. உங்க பேரைச் சேர்த்தாச்சு. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

எதில் என்று கேட்கக் கூடாது. கேட்டால் விளக்குவார். விளக்கி முடிப்பதற்குள் உள்ளேயிருந்து காபி வந்துவிடும். காபி கொடுத்த கையால் "முடியாது" என்று சொல்ல நம் ஊர்ப் பழக்கத்தில் இடமில்லை.

போன வருஷம் மட்டும் நான் நூலக ஆண்டுவிழாவின் உணவுக் கமிட்டி, கொசு ஒழிப்பு வார்டு கமிட்டி, ஆளியார் அணைத் தண்ணீர் கேட்கும் கமிட்டி ஆகியவற்றில் இருந்திருக்கிறேன். இருந்தேன் என்பதை டீக்கடைச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கோயம்புத்தூரில் கண் ஆபரேஷன் முடிந்து கட்டோடு நான் படுத்திருந்த வாரத்தில், இங்கே ஊர்வலத்தின் போக்குவரத்து ஒழுங்குக்கு நான்தான் பொறுப்பு. "ஒரு கண்ணு நல்லாத்தானுங்க இருந்துச்சு?" என்றார் கன்வீனர்.

எங்கள் கேரளத்தில் ஒரு விழா நடக்க வேண்டுமென்றால் முதலில் வரவேற்புக் குழு வேண்டும். வரவேற்புக் குழு அமைக்க ஒரு கூட்டம், அந்தக் கூட்டத்துக்கு ஒரு நோட்டீஸ். அதில் சேர்மன், வைஸ் சேர்மன்கள், ஜோயின்ட் கன்வீனர்கள், பிறகு உணவு, மேடை, பிரசாரம், நிதி என்று உபகமிட்டிகள். விழா அன்று வந்த தலைகளை எண்ணினால் நோட்டீஸில் உள்ள பெயர்களில் பாதி தேறாது. ஒருமுறை, இறந்து ஒரு வருஷம் முடிந்த பெரியவரைக் கன்வீனர் ஆலோசகர் பட்டியலில் போட்டுவிட்டார். பதறிப்போய்ச் சொன்னேன். நிதானமாகச் சொன்னார்: "அவரு தேவலைங்க தம்பி. வராததுக்குக் காரணம் இருக்கு. மத்தவங்களுக்கு என்ன காரணம்?"

எங்கள் சித்தூர் பகவதி கோயிலில் வருஷாவருஷம் கொங்கன்படை நடக்கும். படையெடுத்து வந்த கொங்கு அரசன் தோற்றோடிய கதையைக் கொண்டாடும் விழா. அந்தக் கொங்குப் படைக்கு ஆள் சேர்த்தவர் எங்கள் கன்வீனரின் முன்னோராகத்தான் இருக்க வேண்டும். பட்டியலில் பத்தாயிரம் பேர் இருந்திருப்பார்கள், களத்துக்கு ஜோயின்ட் கன்வீனர்கள் மட்டும் வந்திருப்பார்கள்.

இந்த நோட்டு அவர் கைக்கு வந்தது 1996இல். அந்த வருஷம் ஆகஸ்ட் 17 அன்று கேரள அரசு மக்கள் திட்டத்தை ஆரம்பித்தது. மாநிலத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதம் உள்ளாட்சிகளுக்கே போகும், எங்கே என்ன வேண்டுமென்று ஊர்க்காரர்களே சொல்லட்டும் என்றார்கள். ஊர் ஊராகப் பயிற்சி கொடுத்தார்கள். நம்மாள் அப்போது மீசை கறுத்த இளைஞர். சார்ட் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு வாய்க்கால் வரப்பெல்லாம் சைக்கிள் மிதித்திருக்கிறார். அன்று குறித்த பெயர்கள் நிஜமாகவே வேலை செய்த பெயர்கள். அப்புறம்தான் பெயர் குறிப்பதே வேலை ஆகிவிட்டது.

கிராம சபை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும், வாக்காளர்களில் பத்தில் ஒருவர் வந்தால்தான் கோரம் என்பது சட்டம். கோரத்துக்கு இரண்டு பேர் குறைந்தால் எங்கள் வார்டில் யாரும் பதற மாட்டார்கள். கன்வீனர் எழுந்து வெளியே போவார். பத்து நிமிஷத்தில், அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு வந்த ஒருத்தியும், முகத்தில் பாதி சோப்புடன் சலூனிலிருந்து ஒருவரும் வந்து கையெழுத்துப் போடுவார்கள். பிளாச்சிமடை பேச்சு வந்தால் மட்டும் அவர் குரல் தாழும். பெருமாட்டி பஞ்சாயத்தில் உள்ள அந்த ஊரில் குளிர்பான ஆலைக்கு எதிராக 2002 ஏப்ரல் 22இல் ஆதிவாசிகள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள், 2004 மார்ச்சில் ஆலை நின்றது. "ஆதரவுக் கமிட்டியில நானும் இருந்தேனுங்க" என்பார். இருந்திருப்பார். ஆனால் கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போனதும் எழுந்துவந்த ஆதிவாசிப் பெண் மயிலம்மாவின் பெயரை எந்தக் கன்வீனரும் நோட்டில் எழுதிச் சேர்க்கவில்லை. இதை ஒருநாள் சொன்னேன். காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஒரு வாரம் நிம்மதி.

எட்டாம் நாள், அரசு விண்ணப்பம் போடும் அட்சயா மையத்தில் அவரைப் பார்த்தேன். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கம் தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த கிழவிகள் உண்டு. விண்ணப்பம் மலையாளத்தில் இருக்கும். தமிழ்ச் சிறுபான்மைப் பகுதியில் தமிழில் மனுக் கொடுக்கலாம், தமிழிலேயே பதிலும் பெறலாம் என்று 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. சட்டம் சொல்வது கவுன்டருக்குக் கேட்க நாளாகும், கிழவிக்கு அத்தனை நாள் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒவ்வொரு கட்டமாக ஒரு கிழவியிடம் தமிழில் கேட்டு மலையாளத்தில் எழுதிக்கொண்டிருந்தார் கன்வீனர். விதவைப் பென்ஷன். ஒரு டீகூட அவளிடம் வாங்கவில்லை. அன்றைக்கு நானே போய், "ஏதாவது கமிட்டி இருந்தா சொல்லுங்கண்ணா" என்று கேட்டுத் தொலைத்தேன். அதற்குள் சேர்த்திருந்தார்.

ஆகவே அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு புகார் உண்டு, அதை நேராகவே சொல்லிவிடுகிறேன்.

முப்பது வருஷமாக நோட்டு ஒரே கக்கத்தில் இருக்கிறது. நாற்காலி போடுவது பையன்கள். சமைப்பது, பரிமாறுவது, விழா முடிந்த இரவில் மைதானம் கூட்டுவது குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்கள். மறுநாள் காலை பிளாஸ்டிக் பொறுக்குவது பச்சைக் கோட்டுப் போட்ட ஹரித கர்ம சேனைக்காரிகள். நோட்டீஸின் கடைசி வரியில் அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு நன்றி. 2010 தேர்தலிலிருந்து கேரள உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. எங்கள் வார்டு மெம்பரும் பெண்தான். ஆனால் கமிட்டி என்று வந்துவிட்டால் கன்வீனர் இவர்தான், மெம்பர் விளக்கேற்றலாம். கணக்கு எங்கே இருக்கிறது, பந்தல்காரர் யார், எந்த ஆபீஸில் எந்த மேஜை என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. போன மழையில் அவருக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்தார், தெருவிளக்கு மனு பத்து நாள் நின்றது. ஆயிரம் பேரைச் சேர்த்தவர் தனக்கு அடுத்து ஓர் ஆளை வளர்க்கவில்லை.

ஆள் இல்லாமலும் இல்லை. சித்தூர் அரசுக் கல்லூரியில் படித்த பெண் ஒருத்தி எங்கள் தெருவிலேயே இருக்கிறாள். தமிழும் மலையாளமும் ஒரே வேகத்தில் எழுதுவாள். கன்வீனரின் நோட்டீஸ்கள் எல்லாவற்றையும் டைப் அடித்துக் கொடுப்பவள் அவள்தான். அடிக்கும்போதே இறந்தவர்களை நீக்குகிறவளும் அவள்தான். அவள் பெயர் ஒரு நோட்டீஸிலும் வந்ததில்லை.

அண்ணா, அடுத்த தடவை அவள் வீட்டுக் கேட்டைத் திறங்கள். காபி அங்கேயும் கொடுப்பார்கள். பெயரைச் சேர்த்தாச்சு என்று சொல்ல வேண்டாம். நோட்டைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.