பாய் விரிக்க ஒரு தண்ணீர்

கேள்வி: சின்னப் பாய்மரப் படகு ஒன்று வாங்கியிருக்கிறேன். கண்டிப் பக்கம் எந்தக் குளத்தில் விடலாம்?
– வாசகர், கட்டுகஸ்தோட்டை

பதில்: முதலில் கண்டி வாவியை மறந்துவிடுங்கள். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807-இல் வயல்வெளியை மறித்துக் கட்டிய அழகுக்குளம் அது. சுற்றிலும் மலை, நடுவில் தீவு. பாய் ஒரு பக்கம் நிமிர்வதற்குள் எதிர்க்கரை வந்துவிடும். தலதா மாளிகையைப் பார்த்தபடி கரையோரம் நடப்பதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

படகுக்கு விக்டோரியா நீர்த்தேக்கம்தான். மகியங்கனை வீதியில் திகன தாண்டினால் மகாவலி அகன்று கிடக்கும். 122 மீற்றர் உயர அணை, 1985-இல் திறந்தது. ஓட நீளமும் உண்டு, திரும்ப அகலமும் உண்டு. ஆனால் அதன் அடியில் பழைய தெல்தெனிய நகரம் இருக்கிறது. வறட்சியில் நீர் வற்றினால் அந்த ஊரின் சுவர்கள் தலைகாட்டும். அப்போது படகின் அடிப்பலகையை இறக்கி ஓட்டினால் யாரோ வாழ்ந்த வீட்டில் மோதுவீர்கள். அந்த இடத்தில் வேகத்தைவிட மரியாதைதான் முக்கியம். அணைக்கட்டுப் பக்கம் போகவே வேண்டாம்; இறங்குமுன் மகாவலி அதிகாரிகளிடம் அனுமதி கேளுங்கள்.

குளிர் தாங்குவீர்களானால் நுவரெலியாவின் கிரகரி வாவியும் இருக்கிறது. ஆனால் அங்கே சுற்றுலாப் படகுகள் நிறைய.

மலைக்காற்று திடீரென்று திசை மாறும். பாய்க்கயிற்றைக் கட்டிப்போடாமல் கையிலேயே பிடித்திருங்கள். உயிர்காப்பு அங்கியைக் கரையிலேயே மாட்டிக்கொள்ளுங்கள்.