வாதமடக்கிகள்: கலேவெலத் தேநீர்க் கடைகளை முன்வைத்து ஒரு முன்னாய்வு

1. இலக்கணம்

கேள்விக்குப் பதிலாக வந்து, பதில் எதையும் தராமல், கேட்டவர் வாயை மட்டும் மூடிவிட்டுப் போகும் சொற்றொடர் வாதமடக்கி எனப்படும். இவ்வினத்தை நூலேற்றியவர் அமெரிக்க உளமருத்துவர் ரொபர்ட் ஜே லிஃப்டன். சீனாவின் சிந்தனைச் சீர்திருத்தம் பற்றிய அவருடைய நூல் 1961இல் வெளிவந்தது. 1890இல் இலங்கையில் தோட்டம் வாங்கிய லிப்டன் வேறு. எனினும் தேயிலையின்றி இவ்வாய்வு நடந்திராது.

2. களம்

குருநாகலிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் ஏ6 வீதியில் உள்ளது கலேவெல. சிங்களமும் தமிழும் ஒரே மேசையில் பிளேன்டீ குடிக்கும் ஊர் ஆதலால், ஒரே விவாதம் இரு மொழியிலும் அடங்குவதை இங்கு காணலாம்.

3. வகைப்பாடு

அ. விதி வகை: "எல்லாம் நசீபு, நானா." மரக்கறி விலை ஏன் விழுந்தது என்ற கேள்வி, இதனால் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்திலிருந்து நேரே வானுலகுக்கு இடமாற்றம் பெறும்.

ஆ. மேலிட வகை: "மேலால வந்த ஓடர்." மேல் என்பது எத்தனையாம் மாடி என்று எவரும் கேட்பதில்லை.

இ. வயது வகை: "நீ நேத்துப் பொறந்தவன்." அறுபது வயதுக்காரரிடம் எழுபது வயதுக்காரரும் சொல்லலாம். காலாவதி கிடையாது.

ஈ. பெருமூச்சு வகை: "நாடே இப்பிடித்தானே." இருவரும் உடனே உடன்படுவர். எதற்கு என்பது இருவருக்கும் தெரியாது.

4. பரிசோதனை

இவை தீங்கற்றவை என்ற கருதுகோள் 2021இல் பொய்த்தது. அவ்வாண்டு மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டதும், "பெரும்போகத்துக்கு மாற்று உரம் எங்க?" என்பதே விவசாயியின் கேள்வி. "நஞ்சில்லாச் சாப்பாடு வேணாமா?" என்பதே அதை அடக்கிய வாக்கியம். நஞ்சுதான் வேண்டும் என்று யார் சொல்வார்? தேநீர்க் கடையில் கேள்வி அடங்கிற்று, வயலில் அடங்கவில்லை. நவம்பரில் தடை விலக்கப்பட்டபோது போகம் தொடங்கியிருந்தது. விளைச்சல் சரிந்தது.

5. முடிவும் பரிந்துரையும்

வாதமடக்கி கேள்வியை முடிக்கும், விடயத்தை முடிக்காது. மேலிட வகைக்கு மட்டும் முறிமருந்து சட்டத்திலேயே இருக்கிறது: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். எந்த ஓடர், யார் போட்டது, எப்போது என்று எழுத்தில் கேட்டால், தகவல் தருவதா இல்லையா என 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தீர்மானிக்க வேண்டும். எனவே வாசகரே, பிரதேச செயலகத்துக்குப் போய்க் கேளுங்கள். "சேர் இன்டைக்கு லீவு" என்றால், அது ஐந்தாம் வகை என்று குறித்துக்கொண்டு மறுநாளும் போங்கள்.