டேலி சார்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு டேலி சார் இருப்பார். திருப்பாதிரிப்புலியூரில் ஒருவர், சிதம்பரத்தில் தேரோடும் வீதிக்கு ஒருவர். பகலில் ஆடிட்டர் ஆபீஸ், மாலையில் மொட்டை மாடியில் காமர்ஸ் டியூஷன். படிப்பைக் கேட்டால், "அண்ணாமலையில எம்.காம்., கரஸ்" என்பார். 1929இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகம் 1979இல் தொலைதூரக் கல்வியைத் தொடங்கிய பிறகு, இந்த இனம் மாவட்டம் முழுக்கப் பெருகிவிட்டது. சட்டைப் பையில் சிவப்பும் நீலமுமாய் இரண்டு பேனா. கக்கத்தில் ரெட்டியும் மூர்த்தியும் எழுதிய, அட்டை கிழிந்த கணக்குப் புத்தகம்.

புத்தகக் கணக்குகளில் வரும் எக்ஸ் லிமிடெட், ஒய் லிமிடெட் இரண்டின் தலையெழுத்தும் இவர் கையில்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு இரண்டையும் இணைப்பார். ஏழு மணிக்கு ஒன்றைக் கலைப்பார். ஒதுக்கீட்டுப் பணம் கட்டாதவரின் 200 பங்குகளை ஈவிரக்கமில்லாமல் ஒறுப்பிழப்பு செய்வார். அதே மனுஷன், மூன்று மாதமாக ஃபீஸ் கட்டாத பையனிடம், "பரவாயில்லடா, அப்பாவுக்குச் சம்பளம் வந்ததும் குடு" என்பார்.

அவர் முன்னால் சொல்லக்கூடாத வார்த்தை ஒன்று உண்டு. இருப்பாய்வில் 540 ரூபாய் இடிக்கும். "சஸ்பென்ஸ்ல போட்டுடலாம் சார்" என்பான் ஒருவன். அவ்வளவுதான்.

"அனாமத்துல போடுறதுக்கு நீ எதுக்குடா காமர்ஸ் எடுத்த? ரெண்டால வகு!"

"270 சார்."

"270 எங்கயாவது பற்றுக்குப் பதிலா வரவுல ஏறியிருக்கா?"

"இல்ல சார்."

"ஒம்போதால வகு!"

"அறுபது சார். மீதி இல்ல."

"அப்போ எண்ணு இடம் மாறியிருக்கு. பக்கத்துப் பக்கத்து இலக்கம், ரெண்டுக்கும் ஆறு வித்தியாசம். தேடு!"

பத்து நிமிடத்தில் அகப்படும்: 1,820 என்று எழுத வேண்டிய வாடகை, பேரேட்டில் 1,280 ஆகியிருக்கும். அப்போது சார் முகத்தைப் பார்க்கவேண்டும். ஆனித் திருமஞ்சனத்தில் முன்வரிசை கிடைத்தவர் முகம் அது.

உள்ளூர் சரித்திரமும் அவருக்குக் கணக்குதான். 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் நிலம் கம்பெனிக்கு என்று ஏற்பாடு. நமக்கு இது வரலாறு. சாருக்கோ ஐந்து மார்க் கேள்வி: "வெடிமருந்துச் செலவு முதலினமா, வருவாயினமா?" பையன்கள் விழிப்பார்கள். "சொத்தைக் கைக்குக் கொண்டாற ஆகுற செலவெல்லாம் முதலினம்டா! குண்டு வெடிச்சாத்தானே நிலம்? நிலத்து மதிப்போட சேரு!" ராபர்ட் கிளைவே எழுந்து வந்தாலும் அரை மார்க் பிடித்துக்கொள்வார்.

இத்தனை கம்பெனிகளைக் கரையேற்றியவர் மாட்டிக்கொள்வது வீட்டில்தான். வீட்டுக்கார அம்மா ஒரு கிரைண்டர் கேட்டார். சார் உடனே வெள்ளைத்தாள் எடுத்தார். கிரைண்டர் விலை 6,000. மாவு பாக்கெட் வாங்காததால் மாதம் மிச்சம் 300, வருஷத்துக்கு 3,600. "ஒரு வருஷம் எட்டு மாசத்துல போட்ட பணம் திரும்பிடும். வாங்கலாம்" என்று தீர்ப்பெழுதிக் கீழே இரண்டு கோடும் இழுத்தார்.

"என்னங்க, அரிசி ஊறவைக்கிறது, ஆட்டுறது, கல்லைக் கழுவுறது, இதெல்லாம் யாரு? அந்தக் கூலி உங்க கணக்குல எங்க?"

புத்தகத்துக் கணக்கில் எல்லா விவரமும் மேலேயே கொடுத்திருப்பார்கள். மூலதனச் செலவு 10 சதவீதம், இயந்திரத்தின் ஆயுள் ஐந்து வருஷம் என்று ஒன்றுவிடாமல் இருக்கும். வீட்டுக் கணக்கில் முக்கியமான வரியை யாரும் கொடுப்பதில்லை. நாமாகக் கேட்டால்தான் வரும். அன்றைக்கு சார் பேனாவை மூடிவிட்டார். கிரைண்டர் வந்தது, மாவரைக்கும் பொறுப்பும் அவருக்கே வந்தது.

சாரைப் பார்த்துச் சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் அவரை விட்டுவிடாதீர்கள். 1906இல் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி மஞ்சள் கடுதாசி கொடுத்தபோது, அதன் பெயரை நம்பிப் பணம் போட்டவர்கள்தான் தெருவுக்கு வந்தார்கள். இன்றைக்கும், "மூணே வருஷத்துல டபுள்" என்று யாராவது உங்கள் வாசலுக்கு வரத்தான் செய்வார்கள். கையெழுத்துப் போடும் முன் அந்த நோட்டீஸை ஒரு டேலி சாரிடம் நீட்டுங்கள். 72ஐ மூன்றால் வகுப்பார்; பணம் இரட்டிப்பாகும் கணக்குக்கு அதுதான் குறுக்குவழி. "வருஷத்துக்குச் சுமாரா 24 பர்சென்ட். பேங்க்கே ஏழு குடுக்கத் திணறுது. இவன் அதுக்கு மேல எங்க சம்பாதிக்கிறானாம்?" என்று கேட்பார். பதில் கிடைக்காவிட்டால் பணத்தைக் கொடுக்காதீர்கள். சாருக்கு ஒரு டீ மட்டும் வாங்கிக் கொடுங்கள். அந்தச் செலவு தாராளமாகத் தகும்.