4.2 ஸ்டார் வாங்குன கம்பெனி

வாடா பேராண்டி, உக்காரு. ராத்திரி பூரா போனை நெஞ்சுமேல வெச்சிக்கினு கம்பெனி கம்பெனியா ரிவ்யூ தடவிக்கினு இருந்தியாமே, உங்க ஆயா சொன்னா. அம்பத்தூர் எஸ்டேட்டுல 4.2 ஸ்டார் கம்பெனி ஒண்ணு சிக்கிடுச்சாம். நல்லது. 4.2-ன்னா அப்பழுக்கில்லாத கம்பெனி, 3.9-ன்னா ஆகாத கம்பெனி. நடுவுல இருக்கிற புள்ளி மூணுலதான் மனுசன் வாழ்க்கையே கீது. நீ பி.இ. படிச்சவன், கரெக்டா இருக்கும். நான் கோவில்பதாகை ஏரிக்கரையில மாடு மேச்சவன், எனக்கு இன்னா தெரியும்.

ஆனா இந்தப் பக்கத்துல சம்பளத்தை மூடி வெக்கிறதே நேத்து வந்த பழக்கம்டா. ஆவடியில டாங்கி செய்யற ஹெச்.வி.எஃப். 1961-ல வந்தது. அங்க வேலை செய்றவன் எம்மாம் வாங்கறான்னு அவன் வாயைப் புடுங்கவே வேணாம். "எந்த டைப் குவார்ட்டர்ஸ்?"னு ஒரு வார்த்தை. டைப் ஒண்ணா, ரெண்டா, மூணா, சொன்னதும் பொண்ணு வீட்டுக்காரன் பேசிக் இவ்ளோ, பஞ்சப்படி இவ்ளோன்னு காபி ஆறுறதுக்குள்ள கணக்கை முடிச்சிடுவான். இன்னிக்கும் மத்திய சர்க்கார் வேலைக்கு ஏழாவது சம்பளக் கமிஷன் அட்டவணை கீது. அடிமட்டத்துல பேசிக் மாசம் 18,000. எவன் வேணா பாக்கலாம், எவனும் அதுக்கு ஸ்டார் குடுக்கறதில்ல.

பாடி, அம்பத்தூர் பக்கம் தனியார் கம்பெனிங்க. அங்க அளவுகோல் போனஸ். 1965-ல வந்த போனஸ் சட்டத்துல இருந்த கீழ்வரம்பு 8.33 பர்சென்ட், மேல்வரம்பு 20. தீபாவளிக்கு முன்னால கேட்டுல பேச்சு முடிஞ்சா, அன்னிக்குச் சாயங்காலமே பட்டரவாக்கம் ஸ்டேசன் வரைக்கும் யாருக்கு எத்தினின்னு தெரிஞ்சிடும். 20 வாங்குனவன் சட்டை காலரைத் தூக்கி வுட்டுக்கினு பஸ் ஏறுவான். 8.33 வாங்குனவன் அடுத்த பஸ்ஸுல வருவான்.

அப்பவும் எல்லாம் சரியாத் தெரிஞ்சிதான்னு கேக்காத. அம்பத்தூர் டன்லப் 1959-ல தொறந்தது. டன்லப்ல வேலைன்னா மாப்பிள்ளைக்கு மார்க்கெட்டே தனி. அந்தக் காலத்துல போனு இருந்திருந்தா 4.9 ஸ்டார் வாங்கியிருக்கும். தொண்ணூறுகளோட கடைசியில கேட்டை இழுத்து மூடுனான். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியாவும் அப்படித்தான். 2006-ல தொறந்தப்ப பூந்தமல்லி வழியா பஸ் பஸ்ஸா புள்ளைங்க போச்சுங்க, 2014 நவம்பர்ல உற்பத்தி நின்னுபோச்சு. வரியில வந்த தகராறு, போன் வியாபாரம் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போனது, அதெல்லாம் மேல நடந்த கதை. லைன்ல நின்னு போனுக்கு மூடி மாட்டுன பொண்ணு அஞ்சு ஸ்டார் குடுத்திருந்தாலும் பொய் சொன்னதா ஆவாது. அவளுக்கு நாள்கிழமைக்கு சம்பளம் வந்தது, கேன்டீன்ல சோறு நல்லா இருந்தது, அவ்ளோதான் அவளுக்குத் தெரிஞ்சது.

சரி, உன் ஸ்டாருக்கு வருவோம். கிளாஸ்டோர்னு ஒண்ணு சொன்னியே, வேலை செய்றவன் தன் கம்பெனிக்கு ஸ்டார் போடற வெப்சைட்டு, அது 2008-ல அமெரிக்காவுல தொறந்த கடை. மத்தவன் சம்பளத்தைப் பாக்கணும்னா முதல்ல நீ ஒண்ணு எழுதிப் போட்டுட்டு வான்னு கேட்டுல நிறுத்தி வெப்பான். இப்ப யோசி. வேலைக்குச் சேந்து ரெண்டாவது வாரத்துல ஒருத்தன், பக்கத்து சீட்டுக்காரன் எம்மாம் வாங்கறான்னு பாக்க அரிப்பு எடுத்து, அவசரத்துல நாலு ஸ்டார் தட்டி "நல்ல சூழல், கத்துக்கலாம்"னு எழுதுறான். அதைத்தான் நீ ராத்திரி ரெண்டு மணிக்கு வேதமா படிச்சிக்கினு இருக்க.

இன்னொண்ணு ஆம்பிஷன்பாக்ஸ். அதை நடத்தறது, நௌக்ரின்னு வேலைத் தரகு பாக்கற இன்ஃபோ எட்ஜ் கம்பெனி. அதே வீட்டுக்காரங்கதான் ஜீவன்சாத்தின்னு கல்யாணத் தரகும் பாக்கறாங்க, 99ஏக்கர்ஸ்னு மனைத் தரகும் பாக்கறாங்க. தரகரும் ஜாதகம் எழுதறவரும் ஒரே திண்ணையில உக்காந்தா ஜாதகம் பொய்யின்னு நான் சொல்லமாட்டேன். தட்சிணை எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு மட்டும் பாத்து வெச்சிப்பேன். வேலை தேடற உன்கிட்ட இருந்து இல்ல, ஆள் தேடற கம்பெனிகிட்ட இருந்துதான் பெரும்பாலும் வருது.

அமெரிக்காவுல வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பேப்பர்க்காரன் 2019-ல உக்காந்து கிளாஸ்டோரைத் தோண்டுனான். 400-க்கும் மேல கம்பெனிங்களுக்கு திடீர்னு ஒரே மாசத்துல ரிவ்யூ குவிஞ்சிருக்குது, அதுல அஞ்சு ஸ்டாரும் வழக்கத்தைவிட ஜாஸ்தி. சில எடத்துல வேலை செய்றவங்களை எழுதச் சொல்லி மேலேர்ந்து தட்டிக் குடுத்திருக்காங்க. நம்ம ஊர்ல அப்படியெல்லாம் நடக்குமா? சேச்சே. ஆனா தேதியைப் பாரு பேராண்டி. வருசத்துக்கு நாலு ரிவ்யூ வர்ற எடத்துல ஒரே வாரத்துல முப்பது வந்து, முப்பதுலயும் "ஒர்க் லைஃப் பேலன்ஸ் அருமை"ன்னு இருந்தா, அந்த வாரம் எச்.ஆர். மேடம் பின்னாடி நின்னுக்கினு இருந்தாங்கன்னு அர்த்தம். ஒரு ஸ்டாரையும் அப்படியே முழுங்காத. அது சண்டை போட்டுக்கினு வெளிய வந்தவன் எழுதனது. ரெண்டும் மூணும் குடுத்தவன் எழுதனதைத்தான் நான் கண்ணாடி போட்டுக்கினு படிப்பேன். அவனுக்குக் கோவமும் கிடையாது, யாரும் பின்னாடி நிக்கவும் கிடையாது. "சம்பளம் டைமுக்கு வரும், ஓ.டி. காசு மட்டும் ரெண்டு மாசம் தள்ளி வரும்"னு எழுதுவான். அதுதான் சரக்கு.

வருசத்துக்கு சராசரி 3,60,000 சம்பளம்னு போட்டிருக்காமே. உங்க ஆயாகிட்ட மாசம் 30,000 வரும்னு சொல்லிட்டியாமே. பாவம், அவ சீட்டுல சேர்றதுக்குப் பேசிட்டு வந்துட்டா. வா, விரலை நீட்டு. அது சி.டி.சி.டா, கம்பெனிக்கு உன்னால ஆகற செலவு. அதுல பத்துல ஒரு பங்கு வேரியபிள்னு வெச்சிக்க, மாசம் 3,000 போச்சு. அது வருசக் கடைசியில வரும், முழுசா வரணும்னு கட்டாயம் கிடையாது. பேசிக் 15,000-ன்னா அதுல 12 பர்சென்ட் பி.எஃப். கம்பெனி கட்டணும், அந்த 1,800-ஐ உன் கணக்குலயே எழுதியிருப்பான். கிராஜுட்டி 4.81 பர்சென்ட், மாசம் 721 ரூபா, அதுவும் உன் கணக்குலதான். உன் பங்கு பி.எஃப். இன்னொரு 1,800. மிச்சம் 22,679. இன்னும் தொழில்வரி, இன்சூரன்ஸ், பஸ், கேன்டீன்லாம் பிடிக்கல. அந்த கிராஜுட்டியை நிரந்தர வேலையில அஞ்சு வருசம் இருந்தாத்தான் கண்ணால பாப்ப. நீ ரெண்டு வருசத்துல தாவுற ஆளு. ஆக, வராத காசை வர்ற சம்பளமா எழுதி வெச்சிருக்கான், நீ அதுக்கு ஹார்ட் போட்டு வெச்சிருக்க.

அந்த சராசரியும் யாரோட சராசரி? "குவாலிட்டி இன்ஜினியர்"னு போட்டா, பாடியில ஆயிரம் பேர் இருக்கிற கம்பெனிக்காரனும், எஸ்டேட்டு சந்துல நாலு லேத்து வெச்சிக்கினு இருக்கிறவன் கடையில வெர்னியர் புடிக்கிறவனும் ஒரே பேருல வர்றான். கிண்டிக்காரன் எழுதனது, பெங்களூருகாரன் எழுதனது, ஆறு வருசத்துக்கு முன்னாடி எழுதனது எல்லாம் ஒண்ணா கலந்து கீது.

நான் மாடு மேச்சவன்தான், ஆனா யாரும் தட்டிக் குடுத்து ஏத்தமுடியாத எடம் ரெண்டு மூணு எனக்குத் தெரியும். பி.எஃப். ஆபீஸ் வெப்சைட்டுல எஸ்டாப்ளிஷ்மென்ட் சர்ச்னு ஒண்ணு கீது. கம்பெனி பேரைப் போட்டா மாசாமாசம் எத்தினி பேருக்கு, எவ்ளோ, எந்தத் தேதியில கட்டினான்னு காட்டும். "இருநூறு பேர் கொண்ட குடும்பம்"னு போஸ்டர் ஒட்டினவன் நாப்பது பேருக்குக் கட்டியிருந்தா, மிச்ச நூத்தி அறுபது பேர் இன்னா சொந்தம்னு நீயே கேட்டுக்க. போன வருசம் 60 பேர், இந்த வருசம் 38 பேர்னா அதுவும் ஒரு ரிவ்யூதான், ஸ்டார் போடாத ரிவ்யூ.

ஷேர் மார்க்கெட்டுல இருக்கிற கம்பெனியா இருந்தா ஆண்டறிக்கையைத் தொற. முன்பக்கத்துல சேர்மன் சிரிச்சிக்கினு இருப்பாரு, அவரை வுட்டுடு. பின்னாடி போ. 2013 கம்பெனிச் சட்டப்படி, நடுவுல நிக்கிற தொழிலாளி சம்பளத்தைப்போல எம்.டி. எத்தினி மடங்கு வாங்கறாருன்னு போட்டே ஆவணும். மார்க்கெட் மதிப்புல பெரிய 1,000 கம்பெனிங்க, வருசத்துக்கு நூத்துக்கு எத்தினி பேர் வேலையை வுட்டுப் போனாங்கன்னும் போடணும். இதைப் பொய்யா எழுதுனா ஷேர் மார்க்கெட்டைக் கண்காணிக்கிற செபி கேக்கும். உன் ஸ்டாரை யாரு கேக்கறது?

காண்ட்ராக்டா பர்மனென்டான்னு கேட்டுக்கோ முதல்ல. இந்தப் பக்கத்துல அதுதான் ஆதி கேள்வி. 2021 டிசம்பர்ல பூந்தமல்லி பக்கத்து ஹாஸ்டல்ல சாப்பாடு சரியில்லாம, ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் பொண்ணுங்க 159 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனாங்களே, ஞாபகம் கீதா? ஐஃபோன் செய்யற கம்பெனி. ஆஸ்பத்திரியில இருக்கிறதுங்க எப்படி இருக்குதுன்னு யாரும் சரியா சொல்லல, செத்துட்டாங்கன்னு வாட்ஸாப்புல புரளி கிளம்பிச்சு, பொண்ணுங்க ராவோட ராவா பெங்களூரு ஹைவேயில உக்காந்துடுச்சுங்க. ஆலையை மூடுனாங்க. அப்பறம் ஆப்பிள்காரன் வந்து பாத்து, தங்கற எடமும் சாப்பாட்டுக் கூடமும் தேறலன்னு சொல்லி கம்பெனியைக் கண்காணிப்புல போட்டான். 2022 ஜனவரியிலதான் மறுபடி தொறந்தது. அந்தச் சாப்பாடு கெட்டதுக்கு முந்தின வாரம் நீ போனைத் தொறந்து பாத்திருந்தா இன்னா தெரிஞ்சிருக்கும்? ஏ.சி. ரூம்ல உக்காந்திருக்கிற இன்ஜினியர் எழுதன ரிவ்யூ தெரிஞ்சிருக்கும். ஒரு ரூம்ல நெருக்கிப் படுத்துக்கினு, மூணு ஷிஃப்ட்டு மாறி மாறி போற காண்ட்ராக்ட் பொண்ணு ரிவ்யூ எழுதலடா. அவ ரோட்டுல உக்காந்தப்பதான் ஊரு படிச்சது.

அதனால ஆஃபர் லெட்டர்ல பெரிசா போட்டிருக்கிற பேரைப் பாக்காத. சம்பளம் போடறது யாருன்னு அடியில சின்னதா ஒரு பேரு இருக்கும், அதைத் தேடு. ஸ்டார் வாங்குனது ஒருத்தன், உனக்குச் சோறு போடறது இன்னொருத்தன்.

கடைசியா ஒரு திருட்டு வேலை சொல்லித் தரேன், உங்க அப்பன்கிட்ட சொல்லாத. நாளைக்கு எஸ்டேட்டுல ஷிஃப்ட்டு மாறற நேரத்துக்குப் போ. கம்பெனி பனியன் போட்டவன் டீ குடிக்கிற எடத்துல நீயும் ஒரு டீ சொல்லு. "அண்ணே, சம்பளம் எவ்ளோ?"ன்னு கேட்டியோ, செத்த, வாயே தொறக்கமாட்டான். கேக்காத. "உங்க கம்பெனியில ஃப்ரெஷருக்கே கைக்கு முப்பது தர்றாங்களாமே, குடுத்து வெச்சவங்க"ன்னு சும்மா பெருமூச்சு வுடு. "எவன்டா சொன்னான் உனக்கு?"ன்னு டீயைக் கீழ வெப்பான் பாரு, அப்ப ஆரம்பிப்பான். பேசிக், பிடித்தம், போன வருசம் இன்கிரிமென்ட் எத்தினி, யாரு யாரு வுட்டுப் போனாங்க, சூப்பர்வைசர் சம்சாரம் எந்த ஊரு, எல்லாம் வரும். கேள்வி கேட்டா பதில் சொல்லாத மனுசன், தப்பா சொன்னா திருத்தாம போகவேமாட்டான். பொம்பளைப் புள்ளைங்ககிட்ட நீ போய் நிக்காத, உங்க அத்தை பொண்ணை அனுப்பு. ராத்திரி ஷிஃப்ட்டு வண்டி வீட்டு வாசல் வரைக்கும் வருதா, மெயின்ரோட்டுல எறக்கி வுட்டுட்டுப் போயிடுதான்னு அவ கேக்கட்டும்.

வேலைக்குச் சேந்தப்பறம் நீயும் ஒரு ரிவ்யூ எழுதுவ, எனக்குத் தெரியும். எழுது. எந்த டிபார்ட்மென்ட், எந்த வருசம், பர்மனென்டா காண்ட்ராக்டா, கைக்கு எவ்ளோ, எல்லாத்தையும் போடு. ஆனா பேரு போடலன்னா யாருக்கும் தெரியாதுன்னு துள்ளாத. 2022-ல நியூசிலாந்து பொம்மைக் கம்பெனிக்காரன் கோர்ட்டுக்குப் போயி, எழுதனவங்க விவரத்தைக் குடுன்னு அமெரிக்கா கோர்ட்டே கிளாஸ்டோருக்கு உத்தரவு போட்டுச்சு. நம்ம எஸ்டேட்டுல கோர்ட்டுகூட வேணாம். கேன்டீன் சாம்பாரைப் பத்தி ஒரு பாரா எழுதினியானா, அந்தச் சாம்பாரை தெனமும் வாய்வுட்டுத் திட்டறவன் பன்னெண்டு பேரு டிபார்ட்மென்ட்டுல ஒருத்தன்தான்னு எச்.ஆருக்கு ஏற்கனவே தெரியும்.